மாங்கொட்டையைக் கழிவு என்று எழுதினேன்

“…அப்ப வர்ற வருசத்துக் கன்னெல்லாம் உங்க பாய்லர்ல வெந்துக்கினு இருக்குதுன்னு சொல்லுங்க சார். ஐரோப்பாவுல காத்து சுத்தமாயிடும். எங்க பக்கம் தோப்பு மொட்டையாயிடும். நல்ல நாயந்தான் இது!”

ரத்னம்மா இதைச் சொன்னபோது நான் எங்கள் மாங்கூழ் தொழிற்சாலையின் பின்புறக் களத்தில், காயப்போட்ட மாங்கொட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒரு பக்கம் ஹாலந்திலிருந்து வந்திருந்த சோதனை அதிகாரி அம்மையார், எங்கள் மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு. இன்னொரு பக்கம் பாய்லர் ஆபரேட்டர் பாஷா. ஹாலந்து அம்மையாருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனால் திட்டு எந்த மொழியில் இருந்தாலும் திட்டு என்று தெரிந்துவிடுகிறதே! அவர் என் பக்கம் திரும்பி, “இந்த அம்மா என்ன சொல்கிறார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சொல்வதா, மழுப்புவதா? யோசிக்க எனக்குக் கிடைத்தது ஒரு மூச்சு விடும் நேரம். அந்த ஒரு மூச்சைப் பற்றித்தான் உங்களிடம் பேச உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களில் பலர் ஓசூர் தொழிற்பேட்டையிலும் போச்சம்பள்ளியிலும் ‘எரிசக்திப் பொறுப்பாளர்’ என்று பலகை மாட்டிய அறைகளுக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். நானும் அப்படி ஓர் அறையிலிருந்துதான் ஓய்வு பெற்றேன். ஆனால் அந்த அறைக்கு நான் வந்த வழி வேறு. பாய்லருக்கு விறகு தள்ளுகிறவனாகச் சேர்ந்து, ஆபரேட்டர் தேர்வை மூன்றாவது தடவையில் தேறி, ஆங்கிலத்தை ஆளோடு ஆளாகப் பேசிப் பழகி, கடைசியில் நாற்காலிக்கு வந்தவன். அதனால் புத்தகத்தில் இருப்பதை உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

எங்கள் தொழிற்சாலை கிருஷ்ணகிரியிலிருந்து போச்சம்பள்ளி போகிற வழியில் இருந்தது. மே மாதம் பாதி ஆனதும் டிராக்டர்கள் வரிசை கட்டும். சித்தூர் வண்டி, கோலார் வண்டி, ஊத்தங்கரை வண்டி. டிரைவர்கள் மூன்று மொழியில் சண்டை போட்டுவிட்டு ஒரே கடையில் டீ குடிப்பார்கள். பழம் உள்ளே போனால் கூழ் ஒரு வழி, தோல் ஒரு வழி, கொட்டை ஒரு வழி. கூழைச் சூடாக்கி டின்னில் அடைக்க நீராவி வேண்டும். நீராவிக்கு நெருப்பு வேண்டும். நெருப்பு என் பொறுப்பு.

பாய்லரில் உள்ளே எரிவதைப் பார்க்கக் கண்ணாடி பதித்த சின்னத் துளை ஒன்று உண்டு. வேலை இல்லாத நேரத்திலும் நான் அதில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பேன். மாங்கொட்டை எரியும்போது நெருப்பு ஒரு தினுசான பொன்னிறத்துக்கு வரும். காலை வெயிலில் இலை அசைகிற மாதிரி அசையும். பார்த்துக்கொண்டே இருந்தால் நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோகும். இந்தச் சூட்டில் வெந்த கூழ் கப்பலேறி, எங்கோ பனி கொட்டுகிற ஊரில் ஒரு குழந்தையின் டம்ளருக்குள் போய் மஞ்சளாக நிற்பதாக நினைத்துக்கொள்வேன். பாஷா காவேரிப்பட்டினத்துக்காரர், என்னைவிட நெருப்பு அறிந்தவர். “கொட்டயப் போட்டா நெருப்பு சிரிக்குது அண்ணே. நிலக்கரியப் போட்டா இருமுது” என்பார்.

முன்பெல்லாம் கூழ் வாங்குகிற ஐரோப்பியர்கள் நிறம் கேட்பார்கள், இனிப்பு கேட்பார்கள், பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று கேட்பார்கள். அப்புறம் அங்கே எரிவாயு எட்டாத விலைக்குப் போனது. குளிர்காலத்தை எப்படித் தள்ளுவது என்று ஒரு கண்டமே கவலைப்பட்ட செய்தியை நாமும் படித்தோம். காற்றாலை, சூரியத் தகடு என்று அவர்கள் வேகமாக மாறத் தொடங்கினார்கள். தங்கள் வீட்டு அடுப்பை மாற்றுகிறவர்கள், தங்களுக்கு அனுப்புகிறவன் அடுப்பையும் கேட்பது நியாயம்தானே! ‘இந்தக் கூழை எதை எரித்துச் சூடாக்கினாய்?’ என்று கடிதம் வந்தது. பாஷாவிடம் சொன்னேன். “இனிமே மாப்ள வீட்டுக்காரங்க பொண்ண மட்டும் பாக்க மாட்டாங்க அண்ணே. நேரா அடுப்படிக்கு வந்துருவாங்க” என்றார்.

கேள்வியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நிலக்கரிப் புகையைப் பாதி வாழ்நாள் மூச்சாக இழுத்தவன் நான். அவர்கள் கேட்டதால்தான் எங்கள் தொழிற்சாலை நிலக்கரியை விட்டுக் கொட்டைக்கும், கடலைத்தோலை அழுத்திச் செய்த எரிகட்டிக்கும் முழுதாக மாறியது. தவறு நடந்தது கேள்வியில் இல்லை, என் பதிலில்.

கடிதத்தோடு ஒரு படிவம் வந்தது. எரிபொருளின் பெயர் எழுத வேண்டும். அது பயிரா, துணைப்பொருளா, கழிவா என்று மூன்று கட்டத்தில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ‘துணைப்பொருள்’ என்று குறித்தால் பின்னால் நான்கு பக்கம் திறந்துகொள்ளும். இந்தப் பொருளை வேறு யாராவது எடுத்துப் போகிறார்களா, எதற்கு, எந்த மாதத்தில், நீங்கள் எரித்துவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள் என்றெல்லாம் கேள்விகள். ‘கழிவு’ என்று குறித்தால் அந்த நான்கு பக்கமும் இல்லை. முழுவதையும் பாய்லரில் எரிக்கிறோம் என்று ஒரு வரி உறுதிமொழி, கீழே கையெழுத்து.

சாயங்கால டீ வந்திருந்தது. ஆறிக்கொண்டிருந்தது. நான் ‘கழிவு’ என்று குறித்தேன். அந்த நான்கு பக்கத்துக்குச் சோம்பல்பட்டேன். இதற்கு மேல் அழகாகச் சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

ரத்னம்மா எனக்குத் தெரியாதவள் இல்லை. சாந்தூர்ப் பக்கம் மா நாற்றங்கால் வைத்திருப்பவள். ஒவ்வொரு ஜூன் கடைசியிலும் டிராக்டரோடு எங்கள் பின் கேட்டுக்கு வருவாள். புதிதாக விழுந்த கொட்டையை ஏற்றிக்கொண்டு போவாள். அதை முளைக்க வைத்து, அந்த நாற்றின் மேல் நல்ல ஜாதிக் கிளையை ஒட்டுக் கட்டினால்தான் மாங்கன்று. கொட்டை விழுந்து சில வாரத்துக்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும். வெயிலில் காய்ந்துவிட்டால் உள்ளே உயிர் இல்லை. அவளும் சுற்றுவட்டார நாற்றங்கால்காரர்களும் எடுத்தது எங்கள் குவியலில் ஓர் ஓரம்தான். யாரும் கேட்டதில்லை, யாரும் கொடுத்ததாகவும் நினைத்ததில்லை. வாட்ச்மேன் தடுப்புக் கட்டையைத் தூக்குவார், வண்டி உள்ளே வரும், அவ்வளவே. எந்த ஏட்டிலும் இல்லாததால், படிவம் எழுதும்போது அவள் என் நினைவிலும் இல்லாமல் போனாள்.

அந்தச் சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. ஆலைகள் நிலக்கரியை விட்டு வேளாண் கழிவுக்கு மாறுவது பற்றி டில்லியில் கொள்கை வரைவு ஒன்று தயாராவதாகச் சொல்லி, ஓசூரில் ஒரு ஓட்டல் ஹாலில் எங்களைப்போன்றவர்களைக் கூப்பிட்டுக் கருத்து கேட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஆலோசகர் திரையில் இந்தியா படத்தைக் காட்டினார். எங்கெங்கே எரிக்கத் தகுந்த கழிவு இருக்கிறதோ அங்கெல்லாம் பச்சைப் புள்ளி. ஹாலில் குளிர்காற்று மெல்ல வீசிக்கொண்டிருந்தது. நான் அரைத்தூக்கத்தில், அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு மரமாகி அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சாபில் வைக்கோல், விதர்பாவில் பருத்திக்குச்சி. எங்கள் கிருஷ்ணகிரியின் மேலும் ஒரு பச்சைப் புள்ளி மினுங்கியது. ‘மாங்கொட்டை, கழிவு’ என்று பக்கத்தில் எழுதியிருந்தது. தொழிற்சாலைகள் ஏற்றுமதிப் படிவங்களில் கொடுத்த தகவல் என்றார் ஆலோசகர். அதாவது நான் கொடுத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. விறகு தள்ள வந்தவனின் கையெழுத்து நாட்டின் படத்தில் புள்ளியாக நிற்கிறதே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லக்கூடச் செய்தேன்.

அடுத்த மாதம் எங்கள் ஜி.எம். பின் கேட்டுக்குப் பூட்டுப் போடச் சொன்னார். ஒரு கொட்டை வெளியே போனாலும் ‘முழுவதும் எரிக்கிறோம்’ என்ற உறுதிமொழி பொய்யாகிவிடும் என்றார். அவர் சொன்னது சரிதான்.

ஜூன் கடைசியில் வாட்ச்மேன் போன் செய்தார். கன்னடக்காரர், தமிழையும் கன்னடத்தையும் கலந்துதான் பேசுவார். “சார், கொட்டெ அம்மா பந்தவ்ரெ. வண்டி உள்ள விடலாமா?”

“மேலிடத்து உத்தரவுப்பா. திருப்பி அனுப்பிடு” என்றேன்.

மேலிடம் என்று சொன்னேன் பாருங்கள், அந்த மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தான். ஒரு வாரத்தில் அவள் மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் நான் கேட்டுப் பக்கம் போகவில்லை. பாய்லர் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். நெருப்பு அதே பொன்னிறத்தில்தான் இருந்தது. ஆனால் எனக்கு அதற்குள் இலை தெரியத் தொடங்கிவிட்டது. சின்னச் சின்னச் செம்புநிறத் துளிர்கள், நாற்றங்காலில் வரிசையாக நிற்குமே, அப்படி.

பாஷாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை எடுத்தார். “ஏன் அண்ணே இப்படி உக்காந்துக்கினு இருக்கீங்க? நாஷ்டா நேரத்துல பின்பக்கமா ரெண்டு லோடு ஏத்தி உட்டுருவோம். யாருக்குத் தெரியப்போவுது? ஹாலந்துல இருந்து எட்டிப் பாக்கப்போறாங்களா?”

இதில் எனக்கு எவ்வளவு ஆசை வந்தது என்று சொல்ல வேண்டும். அவளுக்குக் கொட்டை கிடைத்துவிடும், எனக்குத் தூக்கம் கிடைத்துவிடும். நல்ல மனது உள்ளவர்கள் நம் தொழிலில் அதிகம் செய்கிற தப்பும் இதுதான். கண்ணெதிரே இருக்கிற ஆளுக்கு ரகசியமாக ஒரு நன்மை செய்துவிட்டு, காகிதத்தை அப்படியே விட்டுவிடுவது. இரண்டு லோடு வெளியே போயிருக்கும். படத்தில் அந்தப் பச்சைப் புள்ளி அப்படியே இருந்திருக்கும். அதைப் பார்த்துச் சித்தூரிலோ ரத்னகிரியிலோ இன்னொரு தொழிற்சாலை இன்னொரு பின் கேட்டைப் பூட்டியிருக்கும். அந்தக் கேட்டுக்கு வெளியே நிற்கிறவளுக்கு ஒரு பாஷா இருந்திருப்பாரா?

“வேணாம் பாஷா. யோசிக்கறேன்” என்றேன்.

“யோசிங்க யோசிங்க. மழ வர்றதுக்குள்ள யோசிச்சு முடிங்க” என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கூழ் வாங்குகிறவர்கள் சார்பில் படிவத்தைச் சரிபார்க்க ஹாலந்து அம்மையார் வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. ஆள் நல்ல உயரம், சின்ன வயது, அதிகம் பேசாதவர். எரிபொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். களத்துக்கு அழைத்து வந்தேன். அன்றைக்குப் பார்த்து ரத்னம்மாவும் வந்துவிட்டாள். பின் கேட்டில் விடாவிட்டால் என்ன, அவளுக்குச் சொந்தமாக நாற்பது மரம் இருக்கிறது. பழம் ஏற்றிக்கொண்டு, மற்ற விவசாயிகளோடு முன் கேட் வரிசையில் நின்று, முறையாக டோக்கன் வாங்கி உள்ளே வந்திருக்கிறாள். பழத்தை இறக்கிவிட்டு நேரே களத்துக்கு நடந்தாள். எங்களைப் பார்த்ததும் வணக்கம் வைத்தாள். அப்புறம்தான் ஆரம்பித்தாள்.

“ஊத்தங்கரப் பக்கம் தண்ணி இல்லாம மரம் பட்டுப் போச்சு சார். அவங்களுக்கு அடுத்த வருசம் கன்னு குடுக்கறேன்னு வாக்கு குடுத்துட்டேன். எங்கூட ஆறு பொம்பளைங்க இந்த வேலய நம்பிக்கினு இருக்காங்க. இன்னும் பத்து நாள்ல கொட்ட மண்ணுக்குப் போவலேன்னா ஒரு வருசமே போச்சு. அட, என்ன உடுங்க. அஞ்சு வருசம் கழிச்சு உங்க கம்பெனிக்கு எந்த மரத்துப் பழம் வரும்? அத யாருனா யோசிச்சீங்களா?”

நான், “ஐரோப்பாக்காரங்க மேலே இருந்து போட்ட விதிம்மா, இதெல்லாம் கழிவுன்னு…” என்று ஏதோ முனகினேன்.

“கழிவா? எது சார் கழிவு?” என்று குனிந்து, அன்று காலை விழுந்து இன்னும் ஈரம் காயாத குவியலிலிருந்து ஒரு கொட்டையை எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் நான் முதலில் சொன்னது.

இப்போது அந்த ஒரு மூச்சு. மழுப்பியிருக்கலாம். ‘பழத்துக்குச் சரியான விலை இல்லை என்று வருத்தப்படுகிறார்’ என்று சொல்லியிருந்தால் அம்மையார் தலையாட்டியிருப்பார். சீசனின் கடைசிச் சரக்குகள் ஒழுங்காகக் கப்பல் ஏறியிருக்கும். தூரத்தில், அலுவலக மாடி ஜன்னலில் ஜி.எம். நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உலர்த்திய கொட்டையிலிருந்து புளித்த இனிப்பு வாசனை எழுந்து, அந்த மத்தியான வெயிலில் எல்லாமே கொஞ்சம் மிதப்பது போல் இருந்தது. ஓசூர் ஹாலின் திரை, பச்சைப் புள்ளி, நெருப்புக்குள் துளிர்கள், ஆறிப்போன டீ எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக மெல்ல நகர்ந்தன. அந்த மிதப்பில் என் வாய் தானாகப் பேசியது என்றுதான் சொல்வேன்.

ரத்னம்மா சொன்னதை வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னேன். மொட்டைத் தோப்பையும் விடவில்லை. கடைசியில், “கழிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். அது தவறு. இவர்கள் இதை எடுத்துப் போவது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதவில்லை” என்றேன்.

பாஷா, “யா அல்லா” என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

இதனால் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிவம் ரத்தானது. புதுப் படிவம் தேறும்வரை எங்கள் எரிபொருள் சுத்தமானது என்ற கணக்கில் சேராது என்றார்கள். அந்த சீசனின் கடைசிச் சரக்குகள் அப்படியே நின்றன. ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, “உன் கையெழுத்த நீயே பொய்னு சொல்லிட்டா, நாளைக்கு என் கையெழுத்த எவன்யா நம்புவான்?” என்று கேட்டுவிட்டு, சீசன் முடியும்வரை என்னோடு பேசவில்லை. அந்த நான்கு பக்கத்தையும் அப்புறம் நிரப்பினேன். ரத்னம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அடுத்த சீசனில் பின் கேட் சட்டப்படியே திறந்தது. டில்லி வரைவுக்கும் கருத்து எழுதி அனுப்பினேன். எந்தப் பொருளையும் கழிவு என்று சேர்ப்பதற்கு முன், அதை இப்போது யார் எடுத்துப் போகிறார்கள் என்று ஒரு கட்டம் வையுங்கள் என்று. வைத்தார்களா, எனக்குத் தெரியாது. வரைவுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இனி அவற்றுக்குப் பதில் எழுதப்போவது நீங்கள்.

ஐரோப்பாவில் ஒரு கேள்வி பிறக்கிறது. அது இங்கே படிவமாக வருகிறது. நாம் எழுதுவது டில்லியில் படமாகிறது, படம் கொள்கையாகிறது, கொள்கை எங்கோ ஒரு பின் கேட்டில் பூட்டாகத் தொங்குகிறது. இந்தச் சுற்றில் நம் கை படுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில் டீ ஆறினால் ஆறட்டும்.

களத்துக்குத் திரும்புகிறேன். நான் சொல்லி முடித்ததும் ஹாலந்து அம்மையார் ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்த்த நெற்றியைத் துடைத்தார். “எங்கள் பக்கத்திலும் காட்டு மரத்தைக் கழிவு என்று எழுதி எரித்திருக்கிறார்கள். எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவசரத்தில் இருந்தவர்கள்” என்றார். பிறகு ரத்னம்மாவின் கையில் இருந்த கொட்டையைக் காட்டி, “இவருக்கு இது முழுதாக வேண்டுமா என்று கேளுங்கள்” என்றார்.

கேட்டேன். “முழுக் கொட்டயும் வேணுமாம்மா உனக்கு, அதக் கேக்கறாங்க.”

ரத்னம்மா என்னை ஒரு தடவை, அவரை ஒரு தடவை பார்த்தாள். “ஏமண்ணா, இவ்ளோ நாளா இத கேக்காமயா கேட்டப் பூட்டி வெச்சிருந்தீங்க?” என்று தெலுங்கு கலந்து கேட்டாள். இடுப்பில் செருகியிருந்த கவாத்துக் கத்தரியை உருவினாள். கொட்டையின் ஓரத்து நரம்பில் முனையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். சிப்பி மாதிரி ஓடு இரண்டாகத் திறந்துகொண்டது. உள்ளே இருந்த வெளுத்த பருப்பை, முனை உடையாமல் விரலால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நாரும் மரமுமாக இருந்த ஓட்டை பாய்லர் இருக்கிற பக்கமாக வீசினாள். பிறகு புடவையை ஒதுக்கிக்கொண்டு அந்தக் குவியல் ஓரத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுத்த கொட்டையை எடுத்தாள்.